மாடல் ரயிலுக்கு நம்மூர் மண்: நிலக்காட்சி மாட்யூல் கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எஞ்சினும் நாலு பெட்டியும் வாங்கியாயிற்று. ஹால் தரையில் தண்டவாளத்தை வட்டமாகப் போட்டு ஓட்டியும் பார்த்தாயிற்று. அடுத்து என்ன செய்வது என்று கேட்டு வருகிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சேர்ந்த பதில்கள் இவை. சென்னையில் கட்டுவதை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்: சின்ன லிஃப்ட், நிரம்பி வழியும் பரண், உப்பும் ஈரமும் கலந்த காற்று.

மாட்யூல் என்று எதைச் சொல்கிறீர்கள்?

கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ஒரு துண்டு நிலம். மரச்சட்டம், அதன்மேல் தண்டவாளம், மண், மரம், கட்டடம். இரண்டு முனையிலும் தண்டவாளம் எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவான ஓர் இடத்தில் வந்து முடியும். அதனால் எந்தத் துண்டையும் எந்தத் துண்டோடும் போல்ட் போட்டுச் சேர்க்கலாம். நாலைந்து சேர்ந்தால் அதுவே லேஅவுட். ஓட்டாத நாட்களில் பிரித்து அடுக்கிவிடலாம்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. வீடு மாறும்போது உடைத்துப் போட வேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. அறை முழுக்க லேஅவுட் போடத் தொடங்கியவர்களில் பலர் பத்து வருடம் கழித்தும் வெறும் ப்ளைவுட்டில்தான் ரயில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு மாட்யூலை ஒரு கோடை விடுமுறையில் முடித்துவிடலாம்.

எவ்வளவு பெரிதாகக் கட்டலாம்?

நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ. இதற்கு மேல் போனால் படிக்கட்டுத் திருப்பத்தில் சிக்கும், லிஃப்டில் நிமிர்த்தித்தான் வைக்க வேண்டியிருக்கும், சின்ன காரில் பின் சீட்டை மடித்தாலும் ஏறாது. எச்ஓ அளவில், அதாவது 87-இல் ஒரு பங்கில், 120 செ.மீ. என்பது நிஜத்தில் 104 மீட்டர். சென்னை ஐசிஎஃப் ஆலையில் செய்த பழைய பெட்டிகள் நாலு வரிசையாக நின்று, எஞ்சினின் முக்கால்வாசிக்கு இடம் மிஞ்சும். காட்சிக்கு அது போதும்.

இந்த இடமும் இல்லை என்றால் ஜப்பானில் தோன்றிய டி-டிராக் முறையைப் பாருங்கள். என் (N) ஸ்கேலுக்கான, அதாவது 160-இல் ஒரு பங்கு அளவுக்கான, அந்த முறையில் ஒற்றை மாட்யூலின் நீளம் 308 மி.மீ. மட்டுமே. புத்தக அலமாரியின் ஒரு தட்டில் வரிசையாக நிறுத்தலாம். சாப்பாட்டு மேஜைமேல் வைத்து ஓட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு முன் எடுத்துவிடலாம்.

எந்த ஸ்கேல் எடுப்பது? இந்திய ரயிலுக்கு எதுவுமே பொருந்தாது என்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. நம் அகலப் பாதையின் அகலம் 1676 மி.மீ. அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளத்தின் அகலம் 16.5 மி.மீ. அது ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓடும் 1435 மி.மீ. பாதையின் அளவு. அதனால் நம் பெட்டியை 87-இல் ஒரு பங்காகச் சரியாகச் செய்தாலும், அடியில் கால் ஒடுங்கித் தெரியும். என் ஸ்கேலிலும் இதே கதைதான்: 160-இல் ஒரு பங்கில் 10.5 மி.மீ. வேண்டும், கிடைப்பது 9.

என் பதில்: எச்ஓ எடுங்கள், அந்த மூன்று மில்லிமீட்டரை மறந்துவிடுங்கள். ஜல்லியை, தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக் கட்டைகளின் (ஸ்லீப்பர்) முனைவரை நன்றாக மூடிப் போட்டு, பக்கவாட்டிலிருந்து பார்க்கிற மாதிரி மாட்யூலை வைத்தால், நீங்கள் சொல்லாதவரை யாருக்கும் தெரியாது.

மனம் ஒப்பவில்லை என்பவர்களுக்கு இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, சென்னை மெட்ரோ. நம் மெட்ரோ ஓடுவது 1435 மி.மீ. பாதையில்தான். 16.5 மி.மீ. தண்டவாளத்தில் அளவு பிசகாமல் ஓடக்கூடிய சென்னை ரயில் அது. இரண்டு, மீட்டர் கேஜ். சுவிட்சர்லாந்தின் மீட்டர் கேஜ் ரயில்களுக்காக 12 மி.மீ. தண்டவாளம் விற்கிறார்கள். 1000 மி.மீ.யை 87-ஆல் வகுத்தால் 11.5. அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம். கடற்கரை - தாம்பரம் பாதையில் 1931-இல் மின்சார ரயில் வந்தது மீட்டர் கேஜில்தான். 2004 வரை அது ஓடியது. அதில் ஏறிக் கல்லூரிக்குப் போனவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பெட்டியை நீங்களே அட்டையில் செய்ய வேண்டியிருக்கும். ஆனால் அப்படி ஒருவர் செய்துவிட்டால் அதன் முன்னால் எத்தனை பேர் நின்று போவார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

எந்த இடத்தைக் கட்டுவது?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது.

வெளிநாட்டுப் பெட்டிகளோடு வரும் படங்களைப் பார்த்துவிட்டு, பனி படர்ந்த மலை, சுரங்கம், ஊசியிலை மரம் என்று நம்மவர்களும் ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த மலையை நாம் பார்த்ததில்லை. அங்கே மண் என்ன நிறம், மரத்தடியில் என்ன கிடக்கும், மழை வந்தால் சுவர் எந்த உயரம்வரை கறுக்கும் என்பது நமக்குத் தெரியாது. தெரியாததைக் கட்டும்போது கடையில் விற்பதை வாங்கி ஒட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. நீங்கள் நின்று பார்த்த இடத்தைக் கட்டுங்கள். தினமும் ரயிலுக்குக் காத்திருந்த பிளாட்பாரத்தின் கடைக்கோடி, சைக்கிளில் நின்ற ரயில்வே கேட், ஜன்னலோரத்தில் கண்ணில் பட்டு மறையும் ஒரு குளம். அங்கே என்ன இருந்தது என்று கை தானாகச் சொல்லும்.

சென்னையைச் சுற்றி ஒன்றரை அடி அகலத்துக்குள் அடங்கும் காட்சிகள் எத்தனையோ. பரனூர் தாண்டிச் செங்கல்பட்டு நெருங்கும்போது கொளவாய் ஏரி ஓரமாக ரயில் போகும். முன்னால் தண்ணீர், பின்னால் வானம், நடுவில் கரையும் தண்டவாளமும், கட்டடமே வேண்டாம். முதல் மாட்யூலுக்கு இதையே சொல்வேன். சைதாப்பேட்டைக்கும் கிண்டிக்கும் நடுவே அடையாற்றுப் பாலம். எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் உப்பளப் பாத்திகள். திருமயிலையில் பறக்கும் ரயில் தூண்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்குள்ளேயே இறங்கி நிற்கும் இடம். ராயபுரத்தையும் சொல்ல வேண்டும். 1856 ஜூலை 1 அன்று தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோட்டுக்குக் கிளம்பியது. அந்த ஸ்டேஷனின் முகப்புத் தூண்களைச் செய்யப் பொறுமை இருந்தால் மட்டும் கை வையுங்கள்.

எழும்பூரையோ சென்ட்ரலையோ முதல் முயற்சியாக எடுக்காதீர்கள். எழும்பூர் முகப்பை மட்டும் முழு அளவுக்குக் கட்டினாலே மாட்யூலின் பெரும்பகுதி போய்விடும்.

அளவெடுக்கத் தண்டவாளத்துக்குள் இறங்கலாமா?

கூடாது. 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி அது குற்றம், உயிருக்கும் ஆபத்து. தேவையும் இல்லை. பிளாட்பாரம் டிக்கெட்டோடு பிளாட்பாரத்திலோ நடைமேம்பாலத்திலோ நின்றால் போதும். நிஜ ரயிலே உங்கள் அளவுகோல். ஐசிஎஃப் பெட்டியின் நீளம் பஃபரோடு 22.3 மீட்டர். இன்றைய பாதைகளில் கான்கிரீட் ஸ்லீப்பர்கள் ஏறக்குறைய 60 செ.மீ.க்கு ஒன்றாக இருக்கும். ஒரு சுவரின் நீளம் வேண்டுமா, அதன் எதிரே எத்தனை ஸ்லீப்பர் என்று எண்ணி 0.6-ஆல் பெருக்குங்கள். உயர்ந்த பிளாட்பாரம் தண்டவாள மட்டத்திலிருந்து 76 முதல் 84 செ.மீ. உயரம், எச்ஓவில் 9 மி.மீ.யை ஒட்டி வரும்.

பெரம்பூரில் ஐசிஎஃப் ஒட்டியுள்ள ரயில் அருங்காட்சியகத்துக்குப் போய்வாருங்கள். பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் கையெட்டும் தூரத்தில் சுற்றிவந்து பார்க்கலாம். போகியின், அதாவது பெட்டிக்கு அடியில் சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தின், துருவும் எண்ணெய்க் கறையும் எந்த நிறம் என்பதை அங்கே நின்று குறித்துக்கொள்ளுங்கள். போட்டோவில் நிறம் மாறும்.

சட்டத்துக்கு எந்தப் பலகை?

நல்ல ப்ளைவுட். பக்கச் சட்டங்களுக்கு 12 மி.மீ., மேல்தளத்துக்கு 6 மி.மீ. சட்டத்தின் ஆழம் 10 செ.மீ. இருந்தால் அடியில் வயர் போக இடம் கிடைக்கும், பலகையும் தொய்யாது. கடையிலேயே மெஷினில் அறுத்துத் தரச் சொல்லுங்கள். கையால் அறுத்தால் முனைச் சட்டங்கள் செங்கோணத்தில் வராது. முனைச் சட்டம் கோணினால் மற்ற எல்லாம் கோணும்.

மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம். இதை அனுபவத்தில் சொல்கிறேன். என் முதல் இரண்டு மாட்யூல்களின் முனைச் சட்டங்களை எம்டிஎஃபில் செய்தேன். அறுத்த ஓரங்களுக்கு வார்னிஷ்கூட அடிக்கவில்லை. மே மாதத்தில் கச்சிதமாகச் சேர்ந்தன. நவம்பரில், மழை பிடித்த மூன்றாம் வாரம், போல்ட் துளைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓரம் உப்பி, தண்டவாள முனைகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் படி விழுந்திருந்தது. பெட்டி ஒவ்வொரு முறையும் அங்கே கவிழ்ந்தது. சாந்து பூசி, மரம் நட்டு முடித்த பலகை. முனைகளை அறுத்தெடுத்து ப்ளைவுட் வைத்தபோது பாதிக் காட்சி கையோடு வந்துவிட்டது. ப்ளைவுட்டாக இருந்தாலும் அறுத்த ஓரங்களுக்கும் அடிப்பக்கத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். மேலே மட்டும் பெயின்ட், அடியில் வெறும் மரம் என்று விட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை வளையும்.

சேர்ப்பதற்கு 8 மி.மீ. போல்டும் பட்டர்ஃபிளை நட்டும் போதும். முனைச் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகக் கவ்வியில் இறுக்கி ஒரே தடவையில் துளையிடுங்கள். தனித்தனியாக அளந்து போட்ட துளைகள் ஒருநாளும் சேராது.

மேடு பள்ளத்துக்குத் தெர்மோகோல் போதுமா?

போதும், ஆனால் அறுக்கும்போது மணி மணியாக உதிர்ந்து வீடெங்கும் ஒட்டும். கட்டட வேலைகளில் வெப்பத்தடுப்புக்குப் போடும் எக்ஸ்பிஎஸ் பலகை கிடைத்தால் அதையே வாங்குங்கள். கத்தியில் வெண்ணெய்போல் சீவலாம். இரண்டுக்குமே ரப்பர் பசை ஆகாது, ஸ்ப்ரே பெயின்டும் ஆகாது. இரண்டிலும் உள்ள கரைப்பான் நுரையைத் தின்றுவிடும். ஃபெவிகாலால் ஒட்டி ஓர் இரவு பளு வையுங்கள். மேலே பழைய தினத்தாளைக் கிழித்து ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து இரண்டு அடுக்கு ஒட்டிக் காயவிட்டால் தோல் கெட்டியாகிவிடும்.

மைதா பசை காய்ச்சி ஒட்டாதீர்கள். எறும்பும் கரப்பானும் ஒரே மாதத்தில் கண்டுபிடித்துவிடும்.

நிலத்துக்கு மண்ணையே போடலாமா?

மண்ணைத்தான் போட வேண்டும். இறக்குமதி டப்பாக்களில் வரும் பழுப்புத் தூள் வேறு நாட்டு நிலம். நீங்கள் கட்டுகிற இடத்திலேயே, பொது வழியோரத்தில் இரண்டு கைப்பிடி எடுங்கள். வண்டலூர்ப் பக்கத்துச் செம்மண்ணும் எண்ணூர் மணலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வெவ்வேறு ஊர் என்று குழந்தைகூடச் சொல்லும். எந்தப் பெயின்டும் அதைச் செய்யாது.

எடுத்த மண்ணை அப்படியே கொட்டக்கூடாது. இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, பழைய இரும்புச் சட்டியில் நன்றாகச் சூடேறும்வரை வறுத்தெடுங்கள். பூச்சி முட்டையும் பூஞ்சையும் போகும். பிறகு ரவை சல்லடையில் ஒரு முறை, டீ வடிகட்டியில் ஒரு முறை, கடைசியாகப் பழைய வேட்டித் துணியில் ஒரு முறை சலித்து மூன்று டப்பாவில் வையுங்கள். துணியில் இறங்கிய மாவுதான் பாதை. டீ வடிகட்டியில் இறங்கியது வெட்டவெளி. அதற்கு மேலே தங்கியது கல்லும் கட்டியும்.

இப்போது முக்கியமான வேலை. ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பாலித்தீன் பையில் போட்டு மண்ணுக்குள் நாலைந்து முறை துழாவுங்கள். கறுப்பாக ஒரு மீசை ஒட்டிக்கொண்டு வரும். அது இரும்புத் துகள். விட்டுவிட்டால் எஞ்சின் மோட்டாரின் காந்தத்தில் போய் ஒட்டும். மெரினா மணலில் இது மிக அதிகம். அலை ஒதுக்கும் கறுப்புக் கோடுகளில் இரும்புக் கனிமம் இருக்கிறது. கடற்கரை மணலில் உப்பும் உண்டு. ஐந்தாறு தண்ணீர் விட்டு அலசாமல் போட்டால் மழைக்காலத்தில் அது ஈரத்தை இழுத்து ஆணியையும் தண்டவாள இணைப்பையும் அரித்துவிடும். அதனால் ஆற்று மணலோ மீன் தொட்டிக் கடையில் விற்கும் கழுவிய மணலோ நல்லது.

ஜல்லி எந்த நிறம்? எப்படி ஒட்டுவது?

நம் பக்கத்து ஜல்லி கரும்சாம்பல், லேசாக நீலம் ஓடும். பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னோக்கின் கல்லறைக் கல் இந்தப் பாறைதான் என்பதால் வந்த பெயர் அது. வெளிநாட்டுப் பாக்கெட்டுகளில் வரும் இளம்பழுப்பு ஜல்லியைப் போட்டால் நம் ரயில் அந்நியமாக நிற்கும்.

நிஜ ஜல்லி பெரும்பாலும் 2 முதல் 6.5 செ.மீ. எச்ஓவில் முக்கால் மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. எம்-சாண்ட் குவியலிலிருந்து ஒரு கிலோ வாங்கிச் சலித்தால் ஆயுசுக்கும் போதும். கல்லுடைத்த தூள் என்பதால் கோணல்மாணலாக, நிஜ ஜல்லி மாதிரியே இருக்கும்.

காய்ந்த ஜல்லியைத் தூவி, சின்ன பிரஷ்ஷால் ஸ்லீப்பர்களுக்கு நடுவே சமப்படுத்துங்கள். ஸ்லீப்பர் முதுகில் ஒரு கல்லும் நிற்கக்கூடாது. பிறகு, ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரை மூடுபனி மாதிரி தெளித்து நனையுங்கள். நனைக்காமல் பசை விட்டால் ஜல்லி உருண்டு திரண்டுவிடும். அதன்மேல் ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். கோடையில் ஒரு நாளில் காயும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் விடுங்கள். பாயிண்ட், அதாவது ஒரு பாதை இரண்டாகப் பிரியும் அமைப்பு, இருக்கும் இடத்தில் நகரும் நாக்குக்குப் பக்கத்தில் பசையே விடாதீர்கள். அங்கே ஜல்லிக்குப் பதில் நிறம் தீட்டினால் போதும்.

காய்ந்த பிறகு கோலத்துக்கு வாங்கும் காவிப் பொடியைக் காய்ந்த பிரஷ்ஷில் தொட்டுத் தண்டவாளத்தின் பக்கவாட்டிலும், ரயில் நிற்கும் இடத்து ஜல்லிமேலும் லேசாகத் தடவுங்கள். பிரேக் தூசியின் நிறம் அப்படியே வரும். கண்ணால் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

தண்டவாளம் வாங்கும்போது கோட் 100, கோட் 83, கோட் 75 என்கிறார்களே, எது?

அது தண்டவாளத்தின் உயரம், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்குகளாக. நம் முக்கியப் பாதைகளில் இன்று இருக்கும் 60 கிலோ தண்டவாளத்தின் உயரம் 172 மி.மீ.; எச்ஓவில் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கோட் 75, கோட் 83 இரண்டுமே அதற்கு மிக அருகில். கோட் 100 கையில் இருந்தால் தூக்கிப் போட வேண்டாம், பக்கவாட்டைத் துரு நிறத்தில் தீட்டுங்கள்.

மரங்கள் செய்வது எப்படி?

பனையிலிருந்து தொடங்குங்கள். நம் நிலத்துக்கு முகம் கொடுப்பது பனை. அது இருந்தாலே இது தமிழ்நாட்டு ரயில் என்று தெரிந்துவிடும். பழைய வயரைப் பிரித்து எடுத்த செம்புக் கம்பிகளை முறுக்கி 15 செ.மீ. தண்டு செய்து, ஃபெவிகாலும் மரத்தூளும் குழைத்துப் பூசிக் கறுப்பு கலந்த சாம்பல் அடியுங்கள். இலைக்கு மெல்லிய தாளில் இரண்டு செ.மீ. வட்டம் வெட்டி, விசிறிபோல் மடித்து, ஓரத்தைக் கத்தரியால் கீறி, காம்புக்கு ஒரு கம்பி இழை ஒட்ட வேண்டும். தலையின் அடியில் காய்ந்த ஓலைகள் நாலைந்து தொங்கவேண்டும். அதை மறந்தால் பொம்மை.

தென்னைக்கு ஓலை நீளம் 5 செ.மீ. நடுவில் கம்பி வைத்து இரண்டு தாள்களை ஒட்டி, இருபுறமும் சாய்வாக நெருக்கமாக நறுக்குங்கள். ஆறேழு ஓலையோடு நிறுத்திவிடுகிறார்கள். நிஜத் தென்னையில் முப்பதுக்குக் குறையாது. இருபதாவது வையுங்கள். தண்டு நேராக நிற்கக்கூடாது.

வேம்பு, தூங்குமூஞ்சி, புளி எல்லாவற்றுக்கும் கம்பியில் கிளை முறுக்கி, பொடித்த ஸ்பாஞ்சை இலையாக ஒட்டலாம். பழைய மெத்தை ஸ்பாஞ்சைச் சிறு துண்டாக்கி, தண்ணீர் விட்டு, சமையலுக்கு இனி எடுக்காத மிக்ஸி ஜாரில் அரையுங்கள். பிழிந்து, அக்ரிலிக் நிறத்தில் ஊறவைத்து, நிழலில் காயப் போடுங்கள். ஒரே பச்சையில் செய்யாதீர்கள். வேம்பு மஞ்சள் ஓடும் பச்சை, புளி ஆழ்ந்த பச்சை, சாலையோரத்தில் நிற்பதெல்லாம் தூசி படிந்த பச்சை. தூங்குமூஞ்சி குடை மாதிரி விரிந்து உச்சி தட்டையாக இருக்கும். பாதையோரம் முழுக்கச் சீமைக் கருவேலம். அதற்கு உலர்ந்த துளசிக் கிளைகளைக் கவிழ்த்து நட்டு, மிகக் கொஞ்சமாக இலைத்தூள் தூவினால் சரியாக வரும்.

டீத்தூள் சக்கையை உதிர்ந்த சருகாகப் போடலாம். ஆனால் வறுத்து ஈரம் துளியும் இல்லாமல் செய்த பிறகுதான். அரைகுறையாகக் காய்ந்த சக்கையில் பத்தே நாளில் வெள்ளைப் பூஞ்சை படரும்.

புல் நட்டுக்குத்தாக நிற்க வேண்டுமே?

நைலான் இழைகளை நிலைமின்சாரத்தால் நிமிர்த்தும் கருவி ஒன்று உண்டு. கொசு பேட்டின் சர்க்யூட்டை எடுத்து அதை வீட்டில் செய்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் செய்யுங்கள். சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். மற்றவர்களுக்கு: பழைய பிரஷ் முடியைக் கத்தையாக வெட்டிச் சணல் நூலோடு கலந்து, சொட்டுப் பசையில் நட்டாலே கோரைப்புல் வந்துவிடும். மேலும், சென்னை நிலம் வருடத்தில் பாதி நாள் புல்லே இல்லாமல்தான் இருக்கிறது. எங்கும் பச்சைக் கம்பளம் விரிக்க வேண்டாம்.

ஏரித் தண்ணீர், கால்வாய்த் தண்ணீர்?

தண்ணீரின் நிறம் அடித்தளத்தில்தான் இருக்கிறது, மேலே ஊற்றுவது பளபளப்பு மட்டும். கொளவாய் ஏரிக்கு ஓரத்தில் மண் நிறம், உள்ளே போகப் போகச் சாம்பல்பச்சை. பக்கிங்ஹாம் கால்வாய்க்குக் கறுப்பில் சிறிது பச்சை. அதன்மேல் ஆகாயத்தாமரைக்கு ஸ்பாஞ்சுத் தூள். நிறம் நன்றாகக் காய்ந்ததும் அக்ரிலிக் வார்னிஷ் ஐந்தாறு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. காற்றில் நெளியும் தண்ணீருக்குக் கடைசிப் பூச்சைப் பிரஷ்ஷால் தட்டித் தட்டி வையுங்கள்.

எபாக்சி ரெசின் ஆழமாகத் தெரியும். ஆனால் ஒரே தடவையில் கனமாக ஊற்றினால் சூடேறி, அடியிலுள்ள தெர்மோகோலை உருக்கிவிடும். 3 மி.மீ. அடுக்கடுக்காக ஊற்றுங்கள். மழை நாளில் தொடவே தொடாதீர்கள். ஈரக்காற்றில் மேற்பரப்பு பால்போல் வெளுத்துப் பிசுபிசுக்கும். மார்ச், ஏப்ரல்தான் ரெசின் மாதங்கள்.

மின் இணைப்பு சிக்கலா?

காட்சி மாட்யூலுக்கு இல்லை. ஓரிடத்திலிருந்து மட்டும் மின்சாரம் கொடுத்து, மீதியைத் தண்டவாள இணைப்புத் தகடுகளை நம்பி விடுவதுதான் தவறு. நம் காற்றில் அவை ஒரு வருடத்தில் கறுத்துவிடும். ரயில் திக்கித் திக்கி ஓடும். மாட்யூலின் அடியில் முழு நீளத்துக்கு 1.5 சதுர மி.மீ. வயர் இரண்டு, சிவப்பும் கறுப்பும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டிலிருந்தும் மெல்லிய வயர் ஒன்று சால்டர் செய்து கீழே இறங்கி அதில் சேர வேண்டும். எல்லா மாட்யூல்களிலும் சிவப்பு முன்பக்கத் தண்டவாளம் என்று முடிவு செய்து எழுதி ஒட்டிவிடுங்கள். மாட்யூலுக்கு மாட்யூல் இணைக்க, தலைகீழாகச் செருக முடியாத கனெக்டராக, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவில் வாங்குங்கள்.

முனையில் தண்டவாளத்தைச் செம்புப் பூச்சுள்ள பிசிபி (எலக்ட்ரானிக் சர்க்யூட் பலகை) பட்டையில் சால்டர் செய்து, பட்டையைப் பலகையில் திருகிவிட்டால் தூக்கி வைக்கும்போது இடித்தாலும் நகராது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே செம்பைக் கீறிப் பிரிக்க மறந்தால் ஷார்ட் ஆகும். ஒரு வாரம் ரயிலை ஓட்டிப் பார்த்து, ஒரு தடவைகூடக் கவிழவில்லை என்ற பிறகே ஜல்லியில் கை வையுங்கள்.

மேலே மின்கம்பி வேண்டுமா?

சென்னைப் புறநகரைக் கட்டினால் கம்பம் இல்லாமல் முடியாது. பலர் செய்யும் பிழை, 20 செ.மீ.க்கு ஒரு கம்பம் நடுவது. நேர்ப்பாதையில் கம்பங்களுக்கு நடுவே 72 மீட்டர்வரை இடைவெளி இருக்கும். எச்ஓவில் 83 செ.மீ. ஒரு மாட்யூலில் இரண்டு கம்பம் போதும். கம்பி தண்டவாளத்துக்கு மேலே சுமார் 5.5 மீட்டர், அதாவது 63 மி.மீ. கம்பியை இழுக்காமல் கம்பத்தை மட்டும் வைத்தாலும் கண் மீதியை நிரப்பிக்கொள்ளும். சுத்தம் செய்வதும் எளிது.

மனிதர்கள், பெயர்ப்பலகை, ஆட்டோ?

கடையில் கிடைக்கும் பொம்மைகள் கோட்டும் தொப்பியுமாக இருப்பார்கள். தொப்பியைச் சீவிவிட்டு, டிஷ்யூ பேப்பரின் ஒரே ஒரு அடுக்கை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து இடுப்பில் சுற்றினால் வேட்டி. தோள்மேல் ஏற்றினால் சேலை. ஈரமாக இருக்கும்போதே ஊசி முனையால் மடிப்பு எடுங்கள். ஐந்தடி மூன்றங்குலப் பெண்ணின் உயரம் எச்ஓவில் 18 மி.மீ. சேலை கட்டிய ஒரே ஒரு பெண் கூடையோடு பிளாட்பாரத்தில் உட்கார்ந்தாலே அந்த ஸ்டேஷன் நம் ஊராகிவிடும். கூட்டம் வைக்காதீர்கள். ஆறு பேரைச் சரியான இடத்தில் உட்காரவைப்பது அறுபது பேரை நிறுத்துவதைவிட மேல்.

பெயர்ப்பலகை மஞ்சள் தரை, கறுப்பு எழுத்து. தமிழ் மேலே, அடுத்து இந்தி, பிறகு ஆங்கிலம். பக்கத்தில் கடல் மட்டத்திலிருந்து உயரம் எழுதியிருக்கும். அதையும் எழுதுங்கள், அருகில் குனிந்து பார்க்கிறவர் முகம் மலரும். ஆட்டோ மூன்று செ.மீ. நீளத்துக்கு மேல் போகக்கூடாது. பொம்மைக்கடை ஆட்டோக்கள் எல்லாம் இதற்குப் பெரியவை. மொட்டைமாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பேனா மூடி போதும்.

பின்னணி வானத்துக்கு என்ன நீலம்?

நீலமே குறைவுதான். சென்னை வானம் அடிவானத்தில் வெள்ளை கலந்த சாம்பல். மேலே போகப் போகத்தான் கொஞ்சம் நீலம். மேகம் வரையாதீர்கள். சன்போர்டு (மெல்லிய பிளாஸ்டிக் பலகை) ஒன்றை வளைத்துப் பின்னால் நிறுத்தி, மூலை தெரியாமல் பாருங்கள்.

மழைக்காலத்தில் எப்படிப் பத்திரப்படுத்துவது?

இரண்டு மாட்யூல்களை முகத்துக்கு முகம் பார்க்கவைத்து, மரங்கள் இடிக்காத உயரத்துக்கு இரண்டு முனையிலும் பலகை திருகி, பெட்டிபோல் ஆக்கி, சுற்றிலும் பருத்தித் துணி போர்த்துங்கள். பாலித்தீனில் சுற்றினால் ஈரம் உள்ளேயே நின்று வியர்க்கும். வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள். தரையிலும் வேண்டாம், கரையான் வரும்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து நினைவில் வையுங்கள்: பூச்சிக்கு என்று அந்துருண்டை போடாதீர்கள். நாஃப்தலீன் ஆவி, தெர்மோகோலையும் பாலிஸ்டைரின் பெட்டிகளையும் மெல்லக் கரைக்கும். பீரோவில் போட்டுப் பழகிய கை தானாகப் போட்டுவிடும். வீட்டில் பெரியவர்களிடமும் சொல்லிவையுங்கள், நல்லெண்ணத்தில் அவர்களே போட்டுவிடுவார்கள். சிலிக்கா ஜெல் பைகளும், உலர்ந்த வேப்பிலையும் போதும்.

தூசி தட்டுவது எப்படி?

அகலமான, மென்மையான மேக்கப் பிரஷ்ஷால், மேலிருந்து கீழே. தண்டவாளத்தின் மேற்பரப்பை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். உப்புத்தாள் போட்டால் கீறல்களில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். மரங்களை நிரந்தரமாக ஒட்டாமல் துளையில் செருகி வைத்தால், வருடத்துக்கு ஒரு முறை பிடுங்கியெடுத்து பால்கனியில் வைத்து ஊதிவிட்டுத் திரும்ப நடலாம். நான் அதைத் தை மாதத்தில், ஈரம் குறைந்து வெயில் தொடங்கும் வாரத்தில் செய்கிறேன். அப்போதே பெயின்ட் உதிர்ந்த இடங்களையும் தொட்டுவிடலாம்.